என்பிடெல்லில் எச்.சி.ஐ.: கணக்கு கைக்கு வரும், பயனரை வகுப்பறையில்தான் பார்க்க வேண்டும்

குவஹாத்தி ஐ.ஐ.டி. பேராசிரியர் சமித் பட்டாச்சார்யா என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்தும் 'யூசர் சென்ட்ரிக் கம்ப்யூட்டிங் ஃபார் ஹியூமன் கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்' எட்டு வாரப் பாடம். எச்.சி.ஐ. (மனிதர்–கணினி ஊடாட்டம்) என்றதும் ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில் திரை வரைவது, வண்ணம் தேர்வது, அழகான போர்ட்ஃபோலியோ தயாரிப்பது என்று எதிர்பார்த்து இதில் சேருபவர்கள் இரண்டாவது வாரத்திலேயே முகம் சுளிப்பார்கள். இது கணினிப் பொறியாளருக்கான பாடம். பயனர் ஒரு வேலையை முடிக்க எத்தனை விநாடி எடுப்பார் என்பதைத் திரையைக் கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்பதுதான் இதன் மையக் கேள்வி. அந்த வகையில் இது நல்ல பாடம். ஆனால் பாதிப் பாடம். மீதிப் பாதி உங்கள் கல்லூரி வகுப்பறையைப் பொறுத்தது.

வீடியோ வீட்டில், அசைன்மென்ட் இணையத்தில், இறுதித் தேர்வு நேரில் மையத்துக்குப் போய். கல்லூரி மூலமாக எடுத்தால் இவற்றோடு வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு உட்கார வேண்டியிருக்கும். பல கல்லூரிகளில் இந்த மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்றால், அதே வீடியோவை புரொஜெக்டரில் மறுபடி ஓட்டுகிறார்கள். இதைவிடப் பெரிய வீண் வேறில்லை. அந்த நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்பதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

முதலில் வீடியோவின் பலம். இந்தப் பாடத்தின் நெஞ்சுப்பகுதி, பயனர் எப்படி, எவ்வளவு நேரத்தில் செயல்படுவார் என்று கணிக்கும் பயனர் மாதிரிகள்: கோம்ஸ் (வேலையை நோக்கம், படிகள் என்று பிரிப்பது), கீஸ்ட்ரோக் லெவல் மாடல் (ஒவ்வொரு விசைக்கும் அசைவுக்கும் நேரம் போட்டுக் கூட்டுவது), ஃபிட்ஸ் விதி (இலக்கைச் சுட்டும் நேரம்), ஹிக்–ஹைமன் விதி (பலவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யும் நேரம்), ஸ்டியரிங் விதி (குறுகிய பாதை வழியே நகர்த்தும் நேரம்). இவற்றை வீடியோவில் படிப்பது வகுப்பில் கேட்பதைவிட வசதி, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, தாளில் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டுத் தொடரலாம். நிறுத்தாமல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதி ஒட்டவே ஒட்டாது.

கீஸ்ட்ரோக் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட், மோரன், நியூவெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1980-ல் வெளியிட்டது. சராசரியாகத் தட்டச்சு செய்பவருக்கு ஒரு விசைக்கு 0.28 விநாடி, மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 விநாடி, மவுஸ் பொத்தானை அழுத்த 0.1, விட 0.1, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே கை மாற 0.4, அடுத்து என்ன என்று மனம் ஆயத்தமாக 1.35. இவ்வளவுதான் கருவி. இப்போது ஒரு விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதி கேட்கப்படுகிறது என்று வையுங்கள். கை மவுஸில் இருக்கிறது. ஒரே கட்டத்தில் எட்டு இலக்கங்களைத் தட்டச்சு செய்யும் வடிவம் என்றால்: மன ஆயத்தம் 1.35, கட்டத்தைச் சுட்ட 1.1, கிளிக் 0.2, கை மாற்றம் 0.4, எட்டு விசைக்கு 2.24. மொத்தம் 5.29 விநாடி. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கீழ்விரி பட்டியல்கள் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் மன ஆயத்தம் 1.35, சுட்டல் 1.1, கிளிக் 0.2, பட்டியலில் உள்ளதைச் சுட்ட 1.1, மறுபடி கிளிக் 0.2. ஒரு பட்டியலுக்கு 3.95, மூன்றுக்கும் 11.85 விநாடி. ஆண்டுப் பட்டியலில் 1998 வரை உருட்டிக்கொண்டு போகும் நேரம் இதில் சேரவே இல்லை. இரு மடங்குக்கு மேல் வித்தியாசம் என்று ஒரு வரிகூட நிரல் எழுதாமல் தெரிந்துவிடுகிறது.

அசைன்மென்டில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: மன ஆயத்தத்தை எங்கே வைப்பது. ஒவ்வொரு விசைக்கு முன்னும் 1.35 போட்டுவிட்டால் விடை எங்கேயோ போய்விடும். எட்டு இலக்கமும் சேர்ந்து மனத்தில் ஒரே அலகு, அதற்கு ஒரு முறைதான். சுட்டிய உடனே வரும் கிளிக்குக்கும் தனியாகக் கிடையாது, சுட்டும்போதே அது முடிவாகிவிட்டது. இதற்கான விதிகளை மனப்பாடம் செய்யாமல், முதலில் எல்லா இடத்திலும் போட்டுவிட்டுப் பிறகு விதிப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வாருங்கள். அசல் முறையும் அதுதான்.

இந்த மாதிரி எங்கே பொய்த்துப்போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழகிய பயனர், பிழையே செய்யாமல், தெரிந்த வேலையைச் செய்கிறார் என்ற அனுமானத்தில் இது நிற்கிறது. முதன்முறை வருபவர் தடுமாறுவது, நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடுவது எதுவும் கணக்கில் வராது. 1980-ல் மவுஸையும் விசைப்பலகையையும் அளந்து எடுத்த எண்களை அப்படியே தொடுதிரைக் கைபேசிக்குப் போடுவதும் தவறு. மாணவர் திட்டப்பணி அறிக்கைகளில் மிக அதிகமாகத் தென்படும் தவறும் இதுவே.

கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு 'புராஜெக்ட் எர்னெஸ்டைன்' ஒன்று போதும். அமெரிக்காவில் நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனம் ஆபரேட்டர்களுக்குப் புதிய பணிநிலையங்கள் வாங்க இருந்தது. வேகமானவை என்று விற்பனைத் தரப்பு சொன்னது. கிரே, ஜான், ஆட்வுட் என்ற மூன்று ஆய்வாளர்கள் கோம்ஸ் வகைக் கணக்கில், புதியது சுமார் 3 சதவீதம் மெதுவாக இருக்கும் என்றார்கள். களத்தில் அளந்தபோது 4 சதவீதம் மெதுவாக இருந்தது. 1993-ல் வெளியான இந்த ஆய்வு இன்றும் எச்.சி.ஐ. வகுப்புகளில் சொல்லப்படுகிறது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கோம்ஸ் பாடத்தைப் பார்த்தால் சூத்திரங்கள் உயிரோடு இருக்கும்.

ஃபிட்ஸ் விதிப் பகுதியில் ஒரு எச்சரிக்கை. 1954-ல் பால் ஃபிட்ஸ் எழுதிய வடிவத்தில் இலக்குக்கான தொலைவை இரட்டித்து இலக்கின் அகலத்தால் வகுத்து, 2-ஐ அடியாகக் கொண்டு மடக்கை எடுக்க வேண்டும். பிறகு மெக்கென்சி முன்வைத்து இன்று பரவலாகப் பயன்படும் வடிவத்தில் தொலைவை அகலத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, மடக்கை எடுக்க வேண்டும். பொத்தான் 1 செ.மீ. அகலம், 15 செ.மீ. தூரம் என்றால் அதைச் சுட்டும் கடினத்தின் அளவு முதல் வடிவத்தில் 4.91 பிட், இரண்டாவதில் சரியாக 4 பிட். இணையத்தில் தேடி எடுத்த சூத்திரத்தை வைத்து அசைன்மென்ட் போடுபவர்கள் இங்கே வழுக்குவார்கள். பாடத்தில் எந்த வடிவம் சொல்லப்பட்டதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 2-அடி மடக்கையை கையால் போடவும் பழகுங்கள். 2, 4, 8, 16, 32 ஆகியவற்றின் மடக்கை 1, 2, 3, 4, 5. இடையில் உள்ளவற்றை மதிப்பிடத் தெரிந்தால் பல்விடைக் கேள்விகளில் மூன்று விடைகளை உடனே ஒதுக்கலாம்.

மற்ற பகுதிகளில், இடைமுகத்தைக் கணித வடிவில் எழுதிச் சரிபார்க்கும் முறைசார் மாதிரிகள் கொஞ்சம் வறட்சி. தானியங்கிக் கோட்பாடு ஏற்கெனவே படித்தவர்களுக்குச் சுலபம், மற்றவர்கள் ஒரு வாரம் திணறுவார்கள். தாண்டிவிடலாம். மதிப்பெண்ணுக்கு எட்டில் சிறந்த ஆறு அசைன்மென்டுகள்தான் எடுக்கப்படுகின்றன.

இப்போது குறை. அசைன்மென்டுகள் பல்விடைக் கேள்விகள், கணினியே திருத்துகிறது. ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரு பயனர் திரை முன்னால் உட்கார்ந்து திகைக்கும்போது வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுப்பது எப்படி என்பதைப் பல்விடைக் கேள்வியால் சோதிக்க முடியாது. பயனரை வைத்துச் சோதிப்பதும் பரிசோதனையை வடிவமைப்பதும் பாடத்தில் வருகின்றன. தெளிவாகவே சொல்கிறார்கள். ஆனால் சொல்லித் தருவதும் செய்ய வைப்பதும் ஒன்றல்ல. நீச்சலைக் கரையில் நின்று கேட்ட கதைதான். இந்த இடத்தில்தான் வகுப்பறை மணி நேரம் தேவைப்படுகிறது.

முதல் வகுப்பறைப் பயிற்சியாக ஃபிட்ஸ் பரிசோதனையை வைக்கலாம்: திரையில் வரும் இலக்குகளைக் கிளிக் செய்ய ஆகும் நேரத்தைச் சிறு நிரல் ஒன்றால் அளப்பது. வட்ட இலக்குகளின் அகலம் 16, 32, 64 பிக்சல். தொலைவு 128, 256, 512 பிக்சல். ஒன்பது சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் 15 கிளிக் என்றால் ஒருவருக்கு 135 கிளிக், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சேர்க்கைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் வந்த இலக்கு பழக்கத்தால் வேகமாகத் தெரியும். இந்த எண்களில் ஒரு சௌகரியம் இருக்கிறது: 128-க்கு 16, 256-க்கு 32, 512-க்கு 64 மூன்றும் ஒரே கடினம். மூன்றிலும் சராசரி நேரம் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் நிரலில் ஏதோ பிழை என்று, கடினத்துக்கு எதிரே நேரத்தைக் குறித்து வரைபடத்தில் நேர்கோடு பொருத்துவதற்கு முன்பே தெரியும்.

நேரத்தை எங்கே அளப்பது என்பதில்தான், சிலர் நேரிலும் சிலர் இணையத்திலும் இருக்கும் கலப்பு வகுப்புகள் கோட்டை விடும். வீட்டிலிருந்து இணையும் மாணவர் கூகுள் மீட்டில் திரையைப் பகிர, வகுப்பில் இருப்பவர் ஸ்டாப்வாட்ச் பிடித்து அளக்கும் முறை வேண்டவே வேண்டாம். ஒரு நகர்வுக்கு ஒரு விநாடிக்கும் குறைவு. இணையத் தாமதமே அதில் பாதியை விழுங்கிவிடும், அதுவும் நிலையாக இருக்காது. பிரவுசருக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டின் 'பெர்ஃபார்மன்ஸ்.நவ்' என்ற நேரக் கட்டளை கொண்டு அளந்து, முடிந்ததும் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். மவுஸ் வைத்தவர், டச்பேட் வைத்தவர், கைபேசியில் விரலால் தொட்டவர் என்று எல்லோருடைய தரவையும் ஒரே குவியலில் போட்டாலும் கோடு பொருந்தாது. கருவி என்ன என்பதற்குக் கோப்பில் ஒரு நெடுவரிசை வைத்துத் தனித்தனியே கோடு பொருத்துங்கள். டச்பேட்டின் சாய்வு மவுஸைவிடச் செங்குத்தாக வருவதைக் கண்ணால் பார்ப்பது இந்தப் பாடத்தின் மிக நல்ல தருணம் என்றே சொல்லலாம். வெட்டுத்துண்டு (கடினம் பூஜ்யமாகும் இடத்தில் கோடு காட்டும் நேரம்) எதிர்மறையாக வந்தால் பதற வேண்டாம். கிளிக் எண்ணிக்கை குறைவு, அல்லது இடையில் யாரோ கைபேசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நீண்ட நேரம் சராசரியை இழுத்திருக்கும். இலக்கைத் தவறவிட்ட கிளிக்குகளை அழிக்காமல் பதிவு செய்து வையுங்கள். அவை அதிகம் இருந்தால் மாணவர் துல்லியத்தைக் கைவிட்டு வேகத்தைப் பிடித்திருக்கிறார் என்று பொருள். அப்போது திரையில் வரைந்த அகலத்துக்குப் பதிலாக, கிளிக்குகள் சிதறிய அளவின் திட்ட விலக்கத்தை 4.133-ஆல் பெருக்கிக் கிடைக்கும் செயல் அகலத்தைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது, வாய்விட்டு யோசிக்கும் முறையில், அதாவது பயனர் மனத்தில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யும் முறையில், பயனர் சோதனை. இது நேரில்தான் நன்றாக வரும். மூன்று பேர் கொண்ட குழு: ஒருவர் நடத்துநர், ஒருவர் அறையில் குறிப்பெடுப்பவர், ஒருவர் தொலைவிலிருந்து திரைப்பகிர்வைப் பார்த்து நேரக்குறி போடுபவர். பயனர் கைபேசியில் வேலை செய்கிறார் என்றால் திரைப்பகிர்வு மட்டும் போதாது. விரல் எங்கே தயங்கி நின்றது, எதைத் தொடப் போய்த் தொடாமல் விட்டது என்பது அதில் தெரியாது. இன்னொரு கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல் கவிழ்த்து வைத்துக் கையைப் படம்பிடித்தால் போதும். பகிரும் முன் அறிவிப்புகளை அணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வீட்டுக் குழுச் செய்தியும் வங்கிக் கடவு எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும். பதிவு செய்ய எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

பயனரிடம் கொடுக்கும் பணித்தாளை எழுதுவதில் ஒரே விதி: பொத்தானில் இருக்கும் சொல் பணியில் வரக்கூடாது. ரயில் முன்பதிவுச் செயலி என்றால், 'தட்கல் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள்' என்று எழுதினால் நீங்கள் சோதிப்பது பயனரின் கண்ணை மட்டும்தான். 'நாளைக் காலை அவசரமாக மதுரை போக வேண்டும், இரண்டு பேருக்கு இருக்கை பாருங்கள்' என்று எழுதுங்கள். பணம் கட்டும் பக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பயனர் மௌனமானால் 'இப்ப என்ன நினைக்கிறீங்க?' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. உதவத் துடிக்கும் கையை அடக்குவதுதான் கடினம். இன்னொன்று, பேசிக்கொண்டே செய்தால் வேகம் குறையும். இந்தச் சோதனையில் கிடைத்த நேரத்தைக் கீஸ்ட்ரோக் கணக்கோடு ஒப்பிட்டு 'மாதிரி தவறு' என்று எழுதும் அறிக்கைகள் வருகின்றன. மாதிரியில் குறையில்லை, ஒப்பிட்ட விதம்தான் குறை. நேரம் வேண்டும் என்றால் பேச்சில்லாமல் தனியாக ஒரு சுற்று நடத்த வேண்டும்.

எத்தனை பயனர் என்ற கேள்விக்கு ஐந்து என்று எல்லோரும் சொல்வார்கள். நீல்சன், லாண்டவர் என்ற ஆய்வாளர்களின் கணக்கில் ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிக்கொடுப்பார் என்று வைத்தால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளிப்படும். அந்த 31 ஒரு சராசரி மட்டுமே. முதியவர், மாணவர், கடைக்காரர் என்று பயன்படுத்துவோர் வேறுபட்டால் வகைக்கு ஐந்து பேராவது வேண்டும். ஐந்து பேரின் சராசரி நேரத்தை வைத்து 'புதிய வடிவம் 12 சதவீதம் வேகம்' என்று எழுதவும் இந்த ஐந்து துணைவராது. அது குறைகளைக் கண்டுபிடிக்கத்தான்.

நேரில் செய்வதைவிட இணையத்தில் சிறப்பாக வருவது ஒன்று உண்டு, நல்ல இடைமுகத்துக்கு நீல்சன் சொன்ன பத்து நெறிகளை வைத்துச் செய்யும் வல்லுநர் மதிப்பாய்வு. மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியே பார்த்து, தனித்தனியே எழுதி, பிறகுதான் சேர்க்க வேண்டும். வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்தால் குரல் ஓங்கியவர் சொல்வதே எல்லோருடைய குறிப்பிலும் இருக்கும். ஒரு விரிதாளில் ஆளுக்கொரு தாள், 0 முதல் 4 வரை குறையின் தீவிரம், நெறியின் எண், ஸ்கிரீன்ஷாட். வீட்டிலிருந்தே அனுப்பட்டும். சேர்க்கும் வேலையை மட்டும் வகுப்பில் செய்யுங்கள்.

முடிவில் எஸ்.யூ.எஸ். என்ற, பயன்பாட்டு எளிமையை அளக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட தாளை (விடை 1 முதல் 5 வரை) கொடுத்தால், ஒற்றைப்படைக் கேள்விகளில் விடையிலிருந்து 1-ஐக் கழிக்கவும், இரட்டைப்படையில் 5-லிருந்து விடையைக் கழிக்கவும், கூட்டி 2.5-ஆல் பெருக்கவும். வருவது 100-க்கு ஓர் எண், ஆனால் சதவீதம் அல்ல. சராசரி 68 என்பதால் 60 வாங்கிய செயலி 'முதல் வகுப்பில்' பாஸாகவில்லை, சராசரிக்குக் கீழே இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் 5 போட்ட தாள் வந்தால் அதன் மதிப்பெண் சரியாக 50. அப்படிப்பட்ட பயனர் கேள்வியைப் படிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி நிர்வாகச் சமாசாரம். சேருவது இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு. பாடத்தில் சேர்ந்ததே தேர்வுக்குப் பதிந்ததாகும் என்று நினைத்து இருந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான விபத்து. அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. முதலாவதில் குறைந்தது 10-ம் இரண்டாவதில் குறைந்தது 30-ம் தனித்தனியே எடுக்க வேண்டும். தேர்வில் 29 எடுத்து அசைன்மென்டில் முழுதாக 25 எடுத்தாலும் சான்றிதழ் கிடையாது. கெடு முடிந்தபின் அசைன்மென்ட் ஏற்கப்படாது, மின்வெட்டு என்றாலும் சரி.

கிரெடிட்டுக்காக எடுப்பவர்கள் பாடத்தின் நீளத்தைக் கவனியுங்கள். எட்டு வாரத்துக்கு 2 கிரெடிட், பன்னிரண்டு வாரத்துக்கு 3. உங்கள் கல்லூரியின் விருப்பப் பாடம் 3 கிரெடிட் என்றால் இது தனியாக ஈடாகாமல் போகலாம். யு.ஜி.சி. 2021 விதிகள், என்பிடெல் பாடங்களும் வரும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை அனுமதித்தாலும், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதை முடிவு செய்வது உங்கள் பல்கலைக்கழகமே. கல்லூரியின் என்பிடெல் ஒருங்கிணைப்பாளரிடம் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். 3 கிரெடிட்தான் வேண்டும் என்றால் இதே பேராசிரியரின் 'டிசைன் அண்ட் இம்ப்ளிமென்டேஷன் ஆஃப் ஹியூமன் கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸஸ்' என்ற பன்னிரண்டு வாரப் பாடம் இருக்கிறது. அதில் மென்பொருள் பொறியியல் பக்கம் அதிகம், பயனர் மாதிரிக் கணக்குகள் குறைவு.

கணக்குப் பிடிக்கும், நிரல் எழுதுவோம், இடைமுகத்தை அளந்து பேச வேண்டும் என்பவர்கள் தயங்காமல் சேரலாம். யு.எக்ஸ். (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலைக்கான போர்ட்ஃபோலியோதான் குறி என்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி. நடத்தும் டி-சோர்ஸ் தளத்தின் இலவசப் பாடங்களிலிருந்து தொடங்குங்கள். வடிவமைப்புப் பள்ளியின் பார்வை அங்கே கிடைக்கும். கல்லூரியில் ஆலன் டிக்ஸ் குழுவினரின் பாடநூலை வைத்துப் பருவத் தேர்வு எழுதுபவர்களுக்கு, மாதிரிகள் பற்றிய அத்தியாயங்களுக்கு மட்டும் இந்த வீடியோக்களைப் பார்த்தால் போதும். அதற்குத் தேர்வுக் கட்டணம் கட்டத் தேவையில்லை, யூடியூபில் திறந்தே கிடக்கின்றன.